விமானி எப்ப வெளிக்கிட்டவர்?

விழுந்துபோன விமானங்களைப் பற்றிச் சிரித்த முகத்தோடு பேசுவதற்குச் சம்பளம் கொடுக்கிற தொழில் ஒன்று உலகத்தில் இருக்கிறது. அதை நான் சில வருடங்கள் பார்த்தேன்.

சிட்னிக்குத் தெற்கே, ஹெலன்ஸ்பர்க் கோயிலிலிருந்து காரில் போகிற தூரத்தில், பழைய விமானங்களை வைத்துக் காட்டும் ஒரு ஹேங்கர், அதாவது விமானக் கொட்டகை. ஜெட் விமானம் புதிதாக வந்த காலத்துச் சாமான்கள்தான் அங்கே அதிகம். ஒரு போர் விமானம், ஒரு பயணிகள் விமானத்தின் முன்பாதி, ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் நாற்காலிகள், வெடித்துக் கிழிந்த அலுமினியத் தகடுகள். கணினி வேலை ஒன்று கையைவிட்டுப் போய், வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அங்கே வழிகாட்டி வேலை கிடைத்தது. பத்தாவது வரை தமிழில் படித்து, பிறகு ஆங்கிலத்துக்கு மாறியவள் நான். அறிவியல் ஆங்கிலத்தில் வரும், ஜோக் தமிழில் வரும். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்ட வேலை அது ஒன்றுதான்.

வாயால் பிழைக்கிற எல்லோருக்கும் என் கஷ்டம் தெரியும். வாத்தியார்கள், துணிக்கடையில் புடவை விரித்துக் காட்டுபவர்கள், ரயில் நிலையத்தில் ‘விசாரணை’ என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்கள், உங்களைத்தான் சொல்கிறேன். நாம் சொல்லும் பதில் எப்போதும் பழையது. கேள்வி மட்டும் தினமும் புதிதாக வரும்.

வெளிக்கி

சிட்னியின் லிட்கம் பகுதியிலிருந்து இலங்கைத் தமிழ் மூத்தவர்கள் ஒரு பஸ் பிடித்துக் கோயிலுக்கு வந்தவர்கள், திரும்பும் வழியில் எங்கள் ஹேங்கருக்கும் வந்தார்கள். பொறுப்பாளர் காலின், விமானப் பராமரிப்பிலேயே தலை நரைத்த ஆஸ்திரேலியர், “உன் மொழிதானே, நீயே பார்த்துக்கொள்” என்று என்னைத் தள்ளிவிட்டார். என் மொழிதான். ஆனால் நான் திருச்சி. நாற்காலியின் முன்னால் நின்று, ஜெட் வேகத்தில் விமானியால் தானாக ஏறிக் குதிக்க முடியாது, காற்றே அடித்துவிடும், அதனால் நாற்காலிக்கு அடியில் வெடிமருந்து வைத்து ஆளோடு சேர்த்து வெளியே எறிந்தார்கள் என்று விளக்கினேன். முன்வரிசையில் பருத்திச் சேலையும் ஓடுகிற ஷூவுமாக நின்ற ஒரு அம்மா கையைத் தூக்கினார். “பிள்ளை, பிளேன் விழேக்க விமானி எப்ப வெளிக்கிட்டவர்?”

எங்கள் ஊரில் ‘வெளிக்கி’ என்றால் ஒரே காரியம்தான். அதைக் காலையில் செம்பு எடுத்துக்கொண்டு செய்வார்கள். இது ஒன்றும் விபரீதமான கேள்வியும் இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் தினமும் கேட்பதுதான். அதனால் நானும் மரியாதையாகவே பதில் சொன்னேன். “அதுக்கெல்லாம் அந்தக் காலத்துல வசதி கிடையாது ஆன்ட்டி. ஏறுறதுக்கு முன்னாடியே முடிச்சுக்குவாங்க. ரொம்ப அவசரம்னா சின்னதுக்கு மட்டும் ஒரு பை இருக்கும்.” பின்னால் நின்ற அவருடைய கணவர் தம்பிராசா அங்கிள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். “வெளிக்கிடுறது எண்டா புறப்படுறது, பிள்ளை,” என்றார் அந்த அம்மா நிதானமாக. “அந்தாள் கதிரையோட எப்ப வெளிய பாஞ்சவர் எண்டு கேட்டனான்.” பிறகு எழுந்த சிரிப்பில் கூரைத் தகரத்திலிருந்த புறாக்கள் வெளிக்கிட்டன.

எல்லோரும் தேநீருக்குப் போன பிறகும் அவர் போகவில்லை. சிவமலர் அன்ரி என்று பெயர் சொன்னார். வாழ்க்கையில் ஒருமுறைதான் விமானம் ஏறியிருக்கிறார், சிட்னிக்கு வரும்போது. பக்கத்தில் சின்ன மகள். நடுவானில் உள்ளே காற்றழுத்தம் போய், மேலிருந்து மாஸ்க்குகள் விழுந்திருக்கின்றன. முதலில் உங்களுக்கு, பிறகு பிள்ளைக்கு என்றுதான் சொல்லியிருந்தார்கள். எந்தத் தாய் கேட்பாள்? மகளுக்குப் போடப் போராடிக்கொண்டே மயங்கிவிட்டார். விமானி வேகமாகக் கீழே இறக்கிவிட்டார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்ரி கண் விழித்தபோது மகள், “அம்மா செத்துப்போனா” என்று அலறிக்கொண்டிருந்தாளாம். அதற்குப் பிறகு அவர் விமானத்தில் கால் வைக்கவில்லை. அந்த மகளுக்கு இப்போது கனடாவில், ரொறன்ரோவில், தலைப்பிரசவம் வருகிறது. “வாங்கோ எண்டு கேட்டிருந்தா ஏலாதெண்டு சொல்லியிருப்பன். அவள் கேக்கவே இல்லை, பிள்ளை.”

ஒரு அங்குலம்

ஒரு நாள் கைத்தடியோடு ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, மனைவியுடன் வந்தார். மற்ற நாற்காலிகளையெல்லாம் கடந்து ஒன்றின் முன்னால் நின்று, பழைய வகுப்புத் தோழனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இளவயதில் அவரை வானத்திலிருந்து வீசி எறிந்தது இந்த மாதிரி நாற்காலிதானாம். மேகத்துக்கு மேலே இயந்திரம் நின்றுவிட்டது. தலைக்கு மேலே இருந்த மஞ்சள் கறுப்பு வளையத்தைப் பிடித்து இழுத்தார். முகத்தை மூடிக்கொண்டு திரை இறங்கியது. அடுத்து நினைவிருப்பது ஒரு மாட்டுப் பண்ணை. மாடுகள் அவரைக் கண்டுகொள்ளவே இல்லையாம். அவருடைய பாராசூட்டை மடித்து வைத்தவரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கூப்பிட்டு நன்றி சொல்லிவந்தார். அந்த மனிதர் இறந்த பிறகு அவருடைய மகளைக் கூப்பிட்டுச் சொல்கிறார். இதைச் சொல்லும்போது தாத்தாவின் தாடை நடுங்கியது.

அந்த நேரத்துக் கனத்தைக் குறைக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, இடுப்பைத் தட்டிக்காட்டினார். வெடியின் வேகத்தில் முதுகெலும்பு அமுங்கி ஒரு அங்குலம் குட்டையாகிவிட்டாராம். நான் வருத்தப்பட்டு உச்சுக்கொட்டுவதற்குள், அவரைவிட ஒரு தலை உயரமான மனைவி என் தோளில் கை வைத்தார். “அந்த விபத்து எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நடந்தது, பெண்ணே. கல்யாணப் படத்திலேயே இவர் என் தோளுக்குத்தான் இருந்தார்.”

பூரி

அன்ரி மறுபடி வந்தார், இந்த முறை அங்கிள் கார் ஓட்ட. மேலே போனால் என்னதான் நடக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். எங்களிடம் ஒரு கண்ணாடிக் குடுவை உண்டு. பம்ப் வைத்து அதிலிருந்து காற்றை உறிஞ்சினால், உள்ளே இருப்பது உயரத்துக்குப் போனதுபோல நடந்துகொள்ளும். வழக்கமாக ஒரு பலூன் வைப்போம். அன்று என் மதியச் சாப்பாட்டுப் பையிலிருந்த மிக்ஸர் பாக்கெட்டை வைத்தேன். காற்று போகப் போகப் பாக்கெட் கர்ப்பிணி வயிறு போல உப்பியது. அங்கிள் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

புரொப்பெல்லர் விமானங்கள் மேகத்தோடு முட்டி மோதிக்கொண்டு தாழ்வாகப் போயின. ஜெட் வந்ததும் மிக உயரத்துக்குப் போனார்கள். அங்கே மூச்சுக்குக் காற்று போதாது, அதனால் விமானத்துக்குள்ளே காற்றை அடைத்தார்கள். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் விமானத்தின் உடம்பு பூரி போல லேசாக உப்பும், இறங்கும்போது அடங்கும். உப்பி அடங்கி, உப்பி அடங்கி, அலுமினியத்துக்கும் ஒரு நாள் அலுத்துப்போகும். முதல் ஜெட் பயணிகள் விமானத்தில் ஜன்னல் மாதிரியான திறப்புகளுக்கு ஏறக்குறைய சதுர மூலைகள் இருந்தன. இழுவை எல்லாம் போய்ச் சேர்ந்தது அந்த மூலைகளில். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒரு நாள் ஓடிப் பிளந்தது. வானத்திலேயே விமானங்கள் சிதறின. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. கடலுக்கடியில் கிடந்த துண்டுகளை அள்ளி வந்து, ஒரு சட்டத்தில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள். இன்னொரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அது கிழியும்வரை உப்ப வைத்து அடக்கினார்கள். அதற்குப் பிறகு வந்த விமானங்களிலெல்லாம் மூலை வளைவாகிவிட்டது.

அன்ரி எங்கள் பயணிகள் விமானத்தின் ஜன்னலருகே போய், அதன் வளைவான மூலையில் விரலை வைத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். எத்தனையோ பேருக்கு அந்த ஜன்னலைக் காட்டியிருக்கிறேன். யாரும் தொட்டதில்லை, நானும்தான். “அந்தச் சனம் போனபடியாத்தான் இது இப்பிடி வளைஞ்சிருக்கு, என்ன?” என்று கேட்டார். “ஆமா, அன்ரி,” என்றேன். ‘அன்ரி’ என்று அதற்குள் எனக்கும் வந்துவிட்டிருந்தது. “அவையளின்ர பேரும் எங்களுக்குத் தெரியாது. ஒரு தேங்காயாவது உடைக்க வேணும், பிள்ளை.”

சாட்சியம்

போர் விமானத்தின் இயந்திரத்தைப் பல வருடங்களுக்குப் பிறகு ஓட்டிப்பார்க்கக் காலின் ஒரு நாள் குறித்திருந்தார். அன்றைக்கே அன்ரி தன் பூசையையும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். “தீ கூடாது” என்றார். சரி, கற்பூரம் இல்லை. “எலுமிச்சம்பழம்?” சக்கரத்துக்கு அடியில் வைத்தால் விமானத்தை இழுவை வண்டியால் அரையடி நகர்த்தித் தருவதாகச் சொன்னார். “தேங்காய்?” இங்கேதான் இரண்டு மொழி படித்த என் புத்தி வேலை செய்தது. தேங்காயை ‘சமர்ப்பிப்பார்கள்’ என்று அழகான ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். சமர்ப்பிப்பது என்றால் தட்டில் வைத்துக் கும்பிடுவது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

காலினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தரையில் ஒரு திருகாணி கிடந்தால் பாம்பைக் கண்டதுபோல நிற்பார். ஜெட் இயந்திரம் எதிரே கிடப்பதையெல்லாம் உறிஞ்சி இழுக்கும். ஒரு சின்னத் துண்டு உள்ளே போனாலும் இயந்திரம் பாழ். அப்படிப்பட்டவரின் கண்ணெதிரே தம்பிராசா அங்கிள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேங்காயைத் தலைக்கு மேல் ஓங்கிச் சிமெண்டுத் தரையில் அடித்தார். ஓடு எட்டுத் திசைக்கும் பறந்தது. காலின் இரண்டு கையையும் விரித்து எல்லோரையும் நின்ற இடத்திலேயே நிறுத்தினார். கடைசித் துண்டு கிடைக்கும்வரை இயந்திரம் ஓடாது என்று மட்டும் சொன்னார்.

லிட்கம் மூத்தவர்கள் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நின்று, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து தரையைத் தேடிக்கொண்டே நடந்தார்கள். கிடைத்த ஓட்டுத் துண்டுகளையெல்லாம் காலின் மேசையில் ஒட்டுநாடா போட்டுப் பொருத்தினார். கடலிலிருந்து எடுத்த விமானத்தைச் சேர்த்ததும் இப்படித்தான் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் சுற்றி நின்று, அந்தத் தேங்காய் மறுபடி உருண்டையாவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெருவிரல் அளவுக்கு ஒரு ஓட்டை மட்டும் மிஞ்சியது. சக்கரத்துக்கு அடியில் பார்த்தோம். டார்ச் அடித்து இயந்திரத்தின் வாயில் பார்த்தோம். அன்ரி மட்டும் வேறு வாயைப் பார்த்தார். “இஞ்சருங்கோ, நீங்கள் என்ன சப்புறீங்கள்?” பிரசாதம்தானே என்று அங்கிள் தேங்காயைக் கடித்துத் தின்றுவிட்டு, குப்பை போடக்கூடாது என்று அந்த ஓட்டுத் துண்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்தார். காலின் அதை வாங்கிப் பொருத்தினார். கச்சிதமாகப் பொருந்தியது. அங்கிளின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுச் சொன்னார்: “விபத்து விசாரணையில் சாட்சியத்தைத் தின்ற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன், ஐயா.”

மீற்றர்

அன்று மாலை இயந்திரம் ஓடியது. சத்தம் நெஞ்சுக்குள்ளே இறங்கியது. அன்ரி காதைப் பொத்திக்கொண்டார், கண்ணை மூடவில்லை. அடுத்த வாரம் தொலைபேசியில் கேட்டார்: மெல்பர்ன் வரைக்கும் ஒருக்காப் பறந்து பார்ப்பமோ? அவருடைய தம்பி அங்கே கிளேட்டனில் இருக்கிறார். இத்தனை காலமும் அன்ரி அங்கே போனதெல்லாம் விடியப் புறப்பட்டு இருட்டிய பிறகு போய்ச் சேரும் கார்ப் பயணம்தான். நானும் கூட வருவதாகச் சொன்னேன். விமானங்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறவள், ஒரு பயணிக்குப் பக்கத்திலாவது உட்கார வேண்டாமா?

பாதுகாப்புச் செய்முறை தொடங்கியதும் விமானத்தில் எல்லோரும் கைப்பேசியைப் பார்த்தார்கள். அன்ரி பரீட்சை எழுதப் போகிறவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். முதலில் உங்களுக்கு, பிறகு பிள்ளைக்கு என்ற இடம் வந்தபோது, மடியில் கிடந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தார். “முதல் எனக்கு,” என்று உதடு அசைந்தது. விமானம் எழும்பியதும் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியின் தடம் மறுநாள்வரை இருந்தது. மற்றக் கையால் கைப்பையிலிருந்து ஒரு மிக்ஸர் பாக்கெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அது உப்பத் தொடங்கியது. “உப்புது, பிள்ளை.” “உப்பட்டும், அன்ரி.” “இன்னும் உப்புது.” “கொஞ்சம் பொறுங்க.” ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. இனி உப்பாது, உள்ளே காற்று பிடித்து நிற்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்றேன். அந்த நேரம் பார்த்து, பாக்கெட்டை உள்ளே வைக்கச் சொல்ல வந்தார் விமானப் பணிப்பெண். “ஏலாது, அது என்ர மீற்றர்,” என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு அதையே ஆங்கிலத்திலும் சொன்னார் அன்ரி. நான் விளக்கியதும் அந்தப் பெண் குனிந்து, தானும் ஒரு நிமிடம் அந்தப் பாக்கெட்டைப் பார்த்துவிட்டுப் போனார்.

கீழே இறங்க இறங்கப் பாக்கெட் சுருங்கியது, என் மணிக்கட்டும் விடுதலையானது. மெல்பர்னில் கதவருகே நின்று எல்லோருக்கும் பொதுவாகப் புன்னகைத்துக்கொண்டிருந்த பணிப்பெண், அன்ரியைக் கண்டதும் புன்னகையை நிறுத்திவிட்டு நிஜமாகச் சிரித்தார். “நீங்கள் பார்த்த பார்வையில், இன்னொரு தடவை மாஸ்க் போட்டுக் காட்டலாமா என்று நினைத்தேன்.”

வெளிக்கிட்டாச்சு

ரொறன்ரோவுக்குப் போகிற அன்று விமான நிலையத்திலிருந்து அன்ரி கூப்பிட்டார். “பிள்ளை, வெளிக்கிட்டாச்சு.” அவ்வளவுதான் பேசினார். பின்னால் அங்கிள், மிக்ஸரை எந்தப் பையில் வைத்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மகளுக்கு இன்னும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஏறிய பிறகு மனம் மாறினால் அவளை ஏமாற்றியதாகிவிடும் என்று பயந்தார். கதவைச் சாத்திய பிறகுதான் ஒரு வரி அனுப்புவதாகத் திட்டம். அன்று முழுவதும் நான் வருகிறவர்களுக்கு விபத்துகளைப் பற்றிச் சொல்லவில்லை. வளைந்த மூலைகளை மட்டும் காட்டினேன். அந்த ஜன்னலை நானும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பேர் தெரியாதவர்களுக்கு வேறு எப்படி நன்றி சொல்வது?

இரண்டு நாள் கழித்துக் குரல் செய்தி வந்தது. பேரப்பிள்ளை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது, குளிர் பொல்லாதது, அங்கிள் விமானத்தில் கொடுத்த சாப்பாட்டையும் பக்கத்து இருக்கைக்காரரின் பாண் ரொட்டியையும் சேர்த்துத் தின்றார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனவர் திடீரென்று நிறுத்தினார். மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு விமான நிலையத்துக்கே வந்திருந்தாளாம். “அண்டைக்கு அழுத மாதிரியே அழுதவள், பிள்ளை. இந்தமுறை நான் முழிச்சுக்கொண்டு இருந்தனான்.”

திருச்சி

நான் ஊர் திரும்பும் நேரமும் வந்தது. காலின் என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். ஒட்டுநாடா போட்ட அந்தத் தேங்காய் ஓட்டைத் தன் மேசையில் விமானத் துண்டுகளுக்கு நடுவே வைத்திருந்தார். அதைச் சுட்டிக்காட்டி, கையைக் குலுக்கினார். என்னை வீட்டுச் சுவரைப் பார்த்து உட்காராமல் காப்பாற்றிய வேலைக்கு அதைவிடப் பெரிய பிரிவுபசாரம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அன்ரியும் அங்கிளும் ரொறன்ரோவிலிருந்து திரும்பிவிட்டிருந்தார்கள். அவர்கள்தான் என்னைச் சிட்னி விமான நிலையத்தில் கொண்டுவந்து விட்டார்கள். “போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போ,” என்று, எங்கள் ஊர் ‘போயிட்டு வரேன்’ என்பதை அன்ரி தன் தமிழில் சொல்லித்தர, அப்படியே சொன்னேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்ததும், திருச்சியில் இரவெல்லாம் விழித்திருப்பாளே என்று அக்காவைக் கூப்பிட்டேன். பேச ஆரம்பித்ததும் மறுபடி அழுகை வந்துவிட்டது. “அக்கா, நான் வெளிக்கிட்டாச்சு.” அக்கா சொன்னாள்: “ஏன்டி, அதையெல்லாமா அழுதுகிட்டுப் போன் பண்ணிச் சொல்லுவ?”

விழுந்த விமானங்களைக் காட்டிப் பிழைத்த அத்தனை வருடங்களிலும் அதிகம் விழுந்தது என் வாயிலிருந்த சொற்கள்தான், ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே பிடித்துவிட்டதால் உயிர்ச்சேதம் எதுவும் இல்லை.